உடையாத லப்டொப்பை ஏன் எறியச் சொல்லுறாங்கள்?

(ஜேர்மனியில் நடந்த எங்கட இளையோர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொம்பியூட்டரைப் பற்றிப் பேசப் போறன் எண்டதும் சிலர் ஃபோனை எடுத்திட்டீங்கள். பரவாயில்லை. இது தொழில்நுட்ப வகுப்பு இல்லை. காசு குடுத்து வாங்கி வீட்டில வைத்திருக்கிற ஒரு பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம் எண்டதுதான் கேள்வி.

முதலில் நடந்ததைச் சொல்லுறன். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அதே வருடம் மைக்ரோசொஃப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில், இதுதான் கடைசி விண்டோஸ் என்ற பொருள்படப் பேசினார். 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நிறுத்தப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மெஷின் அடுத்த நாளே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அதில் திறந்தபடியே கிடக்கும்.

சரி, 11க்கு மாறினால் போச்சு, அது இலவசம்தானே எண்டு கேட்பீங்கள். இலவசம்தான், உங்கட மெஷின் தகுதி பெற்றால். டி.பி.எம். 2.0 எண்டொரு பாதுகாப்பு வசதி வேணும். இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற சின்னச் சில்லு மாதிரி அது. அதோட புரொசசரும் அவர்களின் பட்டியலில் இருக்க வேணும். இன்டெல் எண்டால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். 2016இல் வாங்கிய நல்ல லப்டொப், வேகம் போதும், நினைவகம் போதும், ஆனாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. இப்படி ஏறக்குறைய 24 கோடி கொம்பியூட்டர்கள் குப்பையாகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் கணித்தது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை எண்டு நிறுவனம் சொல்லுது. அந்தச் சில்லால் பயன் இருக்கு, அதை மறுக்கேல்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான திருத்தங்களை அவர்கள் இப்பவும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டொலர் கட்டினால் கிடைக்கும். அந்த விலை ஒவ்வொரு வருடமும் இரட்டிக்கும், மூன்று வருடம் வரை. கருவிகளுக்குள் ஓடுகிற ஒரு சிறப்புப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருக்கு. ஆக, செய்ய முடியாமல் நிறுத்தேல்லை. திருத்தம் இருக்கு, அதுக்கு முன்னால கதவு போட்டிருக்கு.

வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு அறிவித்தார்கள். பல நாடுகளில் 30 டொலர் கட்ட வேணும், அல்லது அவர்களின் கணக்கில் நுழைந்து உங்கட அமைப்புகளை அவர்களின் சேர்வரில் சேமிக்க வேணும். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் எங்களுக்கு அந்த நிபந்தனை தளர்ந்தது. நுகர்வோர் அமைப்புகள் எழுதிக் கேட்டதுக்குப் பிறகுதான் தளர்ந்தது. இதை ஞாபகம் வைத்திருங்கோ, திரும்ப வருவன்.

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். அம்மா துப்பரவு வேலை செய்யிறவ. அவவின் லப்டொப்பும் 2016இல் வாங்கினதுதான். ஊருக்கு வீடியோ கோல், வேலை அட்டவணை, வருட வரிப் பத்திரம், சங்கக் கணக்கு, எல்லாம் அதிலதான். ஒரு கடையில் கேட்டபோது, ‘இதை வைச்சு இனி வேலையில்லை, புதுசு வாங்குங்கோ’ என்றார்கள். 500 யூரோ. 2026இல் இங்கத்தை அடிப்படை ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. கணக்குப் போட்டுப் பாருங்கோ, வரிக்கு முன்னமே 36 மணித்தியாலம். உடையாத ஒரு பொருளுக்காக ஒரு வாரம் முழுக்க மற்றவர்களின் ஓபிஸ் கூட்ட வேணும்.

அந்தப் பழைய லப்டொப் எங்க போகும்? ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி 2022இல் உலகத்தில் 6.2 கோடி தொன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம். மிச்சத்தில் ஒரு பங்கு கானாவின் அக்ரா, டெல்லியின் சீலம்பூர் மாதிரி இடங்களில் வெறுங்கையால் பிரிக்கப்படுகிறது. செம்புக்காக வயரை எரிக்கிற புகையைச் சுவாசிக்கிறதும் எங்களைப் போன்ற ஏழைத் தொழிலாளர்தான்.

என்ன செய்யலாம்? அம்மாவின் லப்டொப்பில் லினக்ஸ் மின்ற் போட்டன். லிப்ரே ஓபிஸ் இருக்கு, வீடியோ கோல் வேலை செய்யுது. தமிழ் எழுத தமிழ்99 விசைப்பலகையும் இருக்கு, ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கு. மாமாமார் 25 வருடமாக பாமினியில் அடிச்ச மரண அறிவித்தல், விழா மலர் எல்லாம், அந்த எழுத்துருவைப் போட்டால் திறக்கும். ஆனால் மெஷினை எறிய முன்னம் அந்தக் கோப்புகளையும் எழுத்துருவையும் எடுத்து வையுங்கோ. எழுத்துரு இல்லாட்டி பாமினிக் கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எங்கட சமூகத்தின் ஒரு பகுதி வரலாறு அப்படியே பழைய ஹாட் டிஸ்க்குகளில் கிடக்கு.

ஆனால் தோழர்களே, ஆளாளுக்கு லினக்ஸ் போடுறதோட இது முடியாது. இரவு வேலை முடிச்சு வாற ஒருவரிடம் ‘நீயே படிச்சுப் போடு’ எண்டு சொல்லுறது அரசியல் இல்லை. மியூனிக் நகரசபை பல வருடம் உழைத்து லினக்ஸுக்கு மாறி, 2017இல் திரும்ப விண்டோஸுக்குப் போக முடிவெடுத்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்ப எதிர்த்திசையில் போகுது. இரண்டையும் தீர்மானிச்சது சபையில் எடுத்த முடிவு.

அதால ஒரு கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்ஃபோன்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள் புதுப்பிப்புக் கொடுக்க வேணும் எண்டு விதி இருக்கு. லப்டொப்புக்கு அப்படி இல்லை. ஏன் இல்லை? நுகர்வோர் அமைப்புகள் எழுதி அந்த நிபந்தனையைத் தளர்த்த வைச்சதெண்டால், தொழிற்சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், குடிபெயர்ந்தோர் அமைப்புகள் சேர்ந்து கேட்டால் இந்த விதியைக் கொம்பியூட்டருக்கும் நீட்ட வைக்கலாம்.

அடுத்த கூடலுக்கு வரேக்க வீட்டில மூடி வைச்ச லப்டொப்பைக் கொண்டு வாங்கோ, சார்ஜரையும் மறக்காதேங்கோ. பக்கத்து ரிப்பேர் கஃபேயிலும் ஆக்களைக் கேட்டிருக்கிறம். ஒரு மேசையில் மெஷினைத் திருத்துவம். மற்ற மேசையில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பிற கடிதத்தை எழுதுவம். இரண்டு மேசைக்கும் ஆள் வேணும்.