ஆளுடைய பிள்ளையும் ஆளுடைய அரசும்



ஆலயத் திருவிழா மேடையில் ஐந்து வயதுக் குழந்தை மழலை மாறாக் குரலில் தேவாரம் ஓதினால் மண்டபமே மகிழ்ந்து கைதட்டுகின்றது. அதே பதிகத்தை அறுபது ஆண்டுகளாக ஓதிவரும் முதியவரை மேடைக்கு அழைப்பார் இல்லை. கள்ளமற்ற குழந்தை உள்ளமே உயர்ந்தது, வளர்வதென்பது அதனை இழப்பதே என்னும் எண்ணம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்டது. (குழந்தையைப் பாராட்டுவதில் தவறொன்றும் இல்லை, அத்துடன் நின்றுவிடுவதே குறை.)

இவ்வெண்ணத்திற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது திருஞானசம்பந்தரை. மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டு பாடியவர் அவர். ஆயினும் அவர் வரலாற்றின் மறுபாதி திருநாவுக்கரசர்.

நாவுக்கரசரிடம் மழலை இல்லை. சமணம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று, சூலை நோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு மீண்டவர். வீணே கழிந்த நாள்களை எண்ணி இரங்கும் குரல் அவர் பதிகங்களில் மீண்டும் மீண்டும் கேட்கின்றது. வாழ்ந்து பார்த்தவருக்கே அக்குரல் வாய்க்கும். அவரை 'அப்பர்' என்று அழைத்ததும் அந்தப் பிள்ளையே.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். பஞ்ச காலத்தில் இருவருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்தான். நாவுக்கரசர் திருமடத்தில் அடியார்க்கு உரிய வேளையில் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தர் மடத்திலோ காலந்தாழ்ந்தது. அவர் காரணம் வினவினார். பிள்ளையார் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், பிடிக்கின்றனர். அரசர் பெற்ற காசுக்கு அவ்வாறில்லை என்றனர் மடத்தார். சம்பந்தர் வருந்தவில்லை. உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவர் பெற்ற காசு ஆதலின் அது குறையற்றது எனத் தாமே தெளிந்தார். பின்னர்ப் பதிகம் பாடித் தம் காசின் குறையும் நீங்கப் பெற்றார். ஞானத்தில் யாருக்கும் குறையாத குழந்தை, உழைத்துக் காய்த்த கையின் பெருமையை இவ்வாறு ஒப்புக்கொண்டது.

மலேசியா, சிங்கப்பூர் ஆலயங்கள் பலவற்றை எழுப்பியவையும் அத்தகைய கைகளே. தோட்டங்களிலும் துறைமுகத்திலும் இரயில் பாதைகளிலும் உழைத்தோரின் பிள்ளைகள் இன்று முதியோர். அத்தாப்புக் கூரையின் கீழிருந்த சந்நிதி எப்போது கற்கட்டடமாயிற்று, முதற் குடமுழுக்கிற்கு யார் யார் நெல்லும் பணமும் தந்தனர், அந்நாளில் எப்பண்ணில் ஓதினர் என்பனவெல்லாம் பல ஊர்களில் அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளன. எழுதுகோலும் ஏடும் கொண்டு அவர்கள் அருகே சென்று அமர்வார் இன்னும் மிகச் சிலரே.