பழைய காருக்கும் ஒரு மெயின் சுவிட்ச்

(நமது நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 1984ஆம் வருட அம்பாசடர் இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த வண்டி. 2014இல் அங்கே தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். என் மகனும் "வித்துருங்கப்பா" என்று சொல்லாத நாள் கிடையாது.

போன கோடையில் அவன் சொல்வது சரிதானோ என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. சாயல்குடி போய்விட்டு ராத்திரி வந்து வண்டியை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் நாய் குரைக்கிறது. பார்த்தால் பானெட்டிலிருந்து புகை. ஒரு பக்கம் என் வீட்டுச் சுவர். மறுபக்கம் பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டுக் கொட்டகை, பனையோலைக் கூரை. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, ஆனால் ஒயர் எரிகிறது. பேட்டரி டெர்மினலைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் எங்கே? கிடைத்தது, ஆனால் உப்புக் காற்றில் பூத்துப்போன போல்ட் அசையவில்லை. அண்ணன் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு வழியாகக் கழற்றினோம். கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். கூடுதல் லைட்டுக்கு ப்யூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தேன். அது தகரத்தில் உரசி, தோல் தேய்ந்து, சூட்டில் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் தீப்பொறி என்றால் முதலில் மெயினை அணைக்கிறோம். காருக்கு மெயின் எங்கே? சாவியைத் திருப்பினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் எப்போதும் கரண்ட் இருக்கும், அதற்கு ப்யூஸும் கிடையாது. அதனால்தான் கட் ஆஃப் சுவிட்ச் மாட்டினேன்.

இன்னொரு லாபமும் உண்டு. அதைக் கணக்காகவே சொல்கிறேன். வண்டி சும்மா நிற்கும்போதும் ஸ்டீரியோ, கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். மீட்டரில் பார்த்தேன், 50 மில்லி ஆம்பியர். சின்னத் தொகைதான். ஆனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, 30 நாளைக்கு 36. என் பேட்டரி 60 ஆம்பியர் மணி. ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் பாதிக்கு மேல் போய்விடும். டெபாசிட் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் கணக்கு என்ன ஆகும்? அப்படிக் காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

முதலாவது, நெகட்டிவ் பக்கம்தான் மாட்ட வேண்டும். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் தகரத்தில் பட்டால் பொறி பறக்கும். எனவே கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். மிகப் பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவே உடம்போடு சேர்ந்திருக்கும். உடம்பில் எது சேர்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் சுவிட்ச்.

இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும் நொடியில் நூறு, இருநூறு ஆம்பியர் ஓடும். விலை குறைவு என்று சின்ன சுவிட்ச் வாங்கினால் அதுவே சூடாகி உருகும்.

மூன்றாவது, நெகட்டிவ் டெர்மினலிலிருந்து உடம்புக்கு வேறு மெல்லிய ஒயர் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் அதன் வழியே கரண்ட் போகும். அப்போது யாராவது ஸ்டார்ட் செய்தால் அந்த ஒயர் எரிந்துவிடும். எல்லா நெகட்டிவ் ஒயரும் சுவிட்சைத் தாண்டியே சேர வேண்டும்.

நான்காவது, இடம். முதலில் டெர்மினலிலேயே மாட்டும் திருகு வகையை வாங்கினேன். பானெட்டைத் திறக்காமல் அதைத் தொட முடியாது. புகை வரும்போது யார் திறப்பது? ஆகவே சாவி போல் கழற்றும் சிவப்புக் கைப்பிடி வகையை டிரைவர் காலடிக்குப் பக்கத்தில் பொருத்தினேன். கேபிள் தகர ஓட்டை வழியாக வருகிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அது உரசி உடம்பில் பட்டால் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஐந்தாவது, ஓடுகிற இன்ஜினில் சுவிட்சை அணைக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். இன்ஜினும் நிற்காமல் ஓடலாம். முதலில் சாவி, பிறகு சுவிட்ச்.

மாட்டிய பிறகு அணைத்துவிட்டு ஹெட்லைட், ஹாரன் போட்டுப் பாருங்கள். எதுவும் வேலை செய்யக் கூடாது. நம் கடலோரக் காற்றுக்கு இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சுவிட்ச் இருக்கிறது என்பதற்காக ப்யூஸ் போடாமல் விடாதீர்கள். நானும் அந்த லைட் ஒயருக்கு இப்போது ப்யூஸ் போட்டுவிட்டேன்.

நம் தெருவில் பழைய கார், டிராக்டர், லோடு வேன் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி நம்முடையது, ஆனால் நெருப்பு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் காட்டிவிட்டேன். வண்டியையும் கொட்டகையிலிருந்து தள்ளி நிறுத்துகிறேன்.

மகன் இப்போது "வித்துருங்க" என்பதில்லை. ஊருக்கு வந்தால் இறங்கும்போது அவனே சிவப்புக் கைப்பிடியைத் திருகிக் கழற்றி என் கையில் தருகிறான்.