மறைத்துச் சுமக்கும் உரிமை யாருக்கு?



இலக்கிய அரங்கின் நினைவுச் சொற்பொழிவில் ரிவால்வரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். மறுக்கவில்லை, அதற்கு நன்றி. இந்தத் தலைப்பு மாணவர் வாசிப்பு வட்டத்திலிருந்து வந்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்துத் திருமணம் செய்த இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அமெரிக்கா மாதிரி நம்ம ஆளுக இடுப்புலயும் ஒரு பெரிய ரிவால்வர் இருந்தா அரிவாள ஓங்குவானா அக்கா?"

இதை விடலைத்தனமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. உயிர்பயத்தோடு தெருவில் நடக்கிறவர் கேட்கிற கேள்வி. அமெரிக்காவை உதாரணம் காட்டியதால் அமெரிக்காவுக்கே போய்ப் பதில் தேடுவோம். நம்மைப் போல் பிறப்பால் கீழே வைக்கப்பட்ட மக்கள் அங்கே துப்பாக்கியோடு வாழ்ந்த நீண்ட வரலாறு இருக்கிறது. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்களுக்குப் பெயர் எடுத்ததும் அங்கிருந்துதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பெரிய ரிவால்வர் என்றால் .44 மேக்னம், .45 கோல்ட் போன்ற தோட்டாக்களைச் சுடுவது. சினிமாவில் ஒரே கையால் நீட்டிச் சுடுகிறார்களே, அந்த ரகம். 1971-இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படம்தான் .44 மேக்னத்துக்கு அந்தப் புகழைத் தேடித் தந்தது. குழல் நீளமான ஒன்றின் எடை ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள்தான். சுட்டால் கையை மேலே தூக்கி எறியும். இரண்டாவது குறி பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். குண்டு ஆளைத் துளைத்து, மெல்லிய சுவரையும் தாண்டி அடுத்தவர் மேல் பாயலாம். தினமும் அதை உடைக்குள் மறைத்து நடப்பது என்றால் தடித்த பெல்ட், நல்ல உறை, மேலே ஒரு கோட்டு, மாதாமாதம் பயிற்சி, அதற்குத் தோட்டாச் செலவு. இவ்வளவையும் சுமக்கிற சிலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஒரே குண்டில் எதிராளி விழவேண்டும். துப்பாக்கி அறிந்தவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. எந்தக் குண்டு என்பதைவிட அது எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம் என்பவர்கள் அங்கே நிறைய.

இந்தக் கனத்த ரிவால்வருக்கும் ஒரு சாதி இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், உரிமம் இல்லாமல் விடுதலை பெற்ற கருப்பர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பிறகு அரசியல் சட்டத் திருத்தம் வந்து, நிறத்தைச் சொல்லிச் சட்டம் எழுத முடியாமல் போனது. என்ன செய்தார்கள்? 1879-இல் டென்னசி மாநிலம் கைத்துப்பாக்கி விற்பனையைத் தடை செய்தது. ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் ரகத்துக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குப் பெற்றதுதான் பெரிய குழல் ரிவால்வர். விலை அதிகம். போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர் பலர் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. கூலிக்காரரால் வாங்க முடிந்தது மலிவான சின்னத் துப்பாக்கி. தடை விழுந்தது அதன் மேல். கருப்பர் என்ற சொல் சட்டத்தில் எங்குமே கிடையாது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு சட்டத்தை எடுத்து ஆராய்ந்தால் போதும், சாதிப் பெயர் சொல்லாமல் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடும்.

ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதியே இதை ஒப்புக்கொண்டார். அங்கே துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1893-இல் வந்தது. 1941-இல் அது குறித்த வழக்கில், கருப்பினத் தொழிலாளர்களின் ஆயுதத்தைப் பறிக்கத்தான் அந்தச் சட்டம் இயற்றப்பட்டது, வெள்ளையருக்குப் பயன்படுத்தும் எண்ணமே இருந்ததில்லை என்று மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம் தனிக் கருத்தில் எழுதி வைத்தார்.

ஆனாலும் கருப்பின மக்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1892-இல் மெம்பிஸ் நகரில் நண்பர் தாமஸ் மோஸ் கும்பலால் கொல்லப்பட்டபின் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் கைத்துப்பாக்கி வாங்கினார். ஒவ்வொரு கருப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் இருக்கவேண்டும் என்று எழுதினார். அகிம்சையின் அடையாளமாக நாம் படம் மாட்டி வைத்திருக்கும் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் 1956 ஜனவரியில் குண்டு வெடித்தது. அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். வீட்டிலேயே குண்டு விழுந்தவருக்கு இல்லாத ஆபத்து வேறு யாருக்கு இருந்திருக்கும்? விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது அதிகாரியின் விருப்பம் என்றிருந்தால் இதுதான் நடக்கும். கிங் பின்னர் துப்பாக்கியைக் கைவிட்டு அகிம்சையை முழுமையாக ஏற்றார். அது அவர் யோசித்து எடுத்த முடிவு. முதலில் அவர் விண்ணப்பித்ததைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

மிசிசிப்பியில் ஹார்ட்மன் டர்ன்போ என்ற விவசாயி 1963-இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். சில வாரங்களில் இரவில் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார், வந்தவர்கள் ஓடினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? தம் வீட்டுக்குத் தாமே தீ வைத்ததாகப் போலீஸ் அவரையே கைது செய்தது. தாக்குபவனைத் துப்பாக்கி துரத்திவிடும். மறுநாள் காலை வரும் முதல் தகவல் அறிக்கையை அதால் துரத்த முடியாது. நம் ஊரில் எதிர்வழக்கு, 'கவுண்டர் கேஸ்', என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துப்பாக்கி உண்மையிலேயே பலன் தந்த இடமும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. லூசியானாவில் 1964-இல் ஜோன்ஸ்பரோவிலும், அடுத்த ஆண்டு போகலூசாவிலும் 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபன்ஸ்' என்ற அமைப்பு உருவானது. ஆலைத் தொழிலாளர்கள், முன்னாள் ராணுவத்தினர். முறைவைத்துக் காவல் காத்தார்கள், வாக்கி டாக்கி வைத்திருந்தார்கள், உரிமை இயக்க ஊழியர்களின் காருக்கு முன்னும் பின்னும் போனார்கள். கு க்ளக்ஸ் க்ளான் தயங்கத் தொடங்கியது. மோதல் முற்றியதும், அதுவரை பாராமுகமாக இருந்த கூட்டரசு இறங்கி வந்தது. 1965 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் க்ளானுக்கு எதிராகத் தடை ஆணை பிறப்பித்தது. இங்கே வேலை செய்தது தனி ஆள் கோட்டுக்குள் ஒளித்த ரிவால்வர் இல்லை. ஊர் ஒன்றாக நிற்கிறது என்று எதிரிக்குத் தெரிந்ததுதான் வேலை செய்தது. அந்த மனிதர்களுக்குப் பின்னால் ஓர் இயக்கமும், வழக்குரைஞர்களும், வாக்குரிமைப் போராட்டமும் இருந்தன.

கலிஃபோர்னியாவில் பிளாக் பேந்தர்கள் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திப் போலீஸைக் கண்காணித்தார்கள். அப்போது அது சட்டப்படி சரி. 1967-இல் சட்டத்தையே மாற்றினார்கள். கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையான ரொனால்ட் ரீகன்.

இன்றைய நிலை? பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். 2022-இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் பழைய உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த வழக்கில் ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க் அரசு வழக்குரைஞர்கள் சிலர் துப்பாக்கி உரிமைப் பக்கம் நின்றார்கள். உரிமம் இல்லை என்று சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கருப்பரும் லத்தீன் இனத்தவரும்தான் என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ள முடியாத வாதம்.

ஆனால் உரிமம் கையில் இருந்தவருக்கு என்ன ஆனது? 2016 ஜூலை 6. மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டிலின் காரைப் போலீஸ் நிறுத்தியது. வயது 32, பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளர். அதற்கு முன்பே நாற்பது தடவைக்கு மேல் வண்டியை நிறுத்தி விசாரிக்கப்பட்டவர். மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி வைத்திருந்தார். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள். காரில் அவர் துணைவியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் காவலர் விடுதலையானார்.

மறைத்துச் சுமக்கும் உரிமையின் சூட்சுமம் இங்கேதான். சந்தேகப்படாத உடம்பு இருந்தால்தான் ஆயுதத்தை மறைக்க முடியும். உடம்பையே ஆயுதமாகப் பார்க்கும் சமூகத்தில் கோட்டுக்குள் எதை மறைப்பது? உரிமம் துப்பாக்கிக்குத்தான், அவருடைய தோலுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. வீட்டுக்குள் வந்த துப்பாக்கி முதலில் வீட்டில் இருப்பவர் பக்கம்தான் திரும்புகிறது. நம் பிள்ளைகள் விடுதி அறைகளில் சாகும் காலத்தில் இதை நாம் மறக்கக் கூடாது.

இப்போது நம் ஊர். 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று 'நிர்பீக்' என்ற சின்ன .32 ரிவால்வரை வெளியிட்டது. அப்போது அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். நடவுக்குப் போகும் நம் அக்காக்களில் யார் வாங்குவது? வாங்கினாலும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தருவது அதிகாரி.

ஆனால் நம் கையில் ஒரு விதி இருக்கிறது, நம்மில் பலர் அதைப் படித்ததில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கருதும் பகுதியை மாநில அரசு அடையாளம் காணவேண்டும். தேவையென்றால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யலாம். அவர்கள் உறவினர், வேலையாள், குடும்ப நண்பர்களின் உரிமத்தையும் ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்யவேண்டும். தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஆயுத உரிமம் வழங்கலாம்.

தம்பியின் கேள்விக்கு என் பதில் இந்த வரிசையில் இருக்கிறது. ஆயுதம் கொடுப்பதற்கு முன்னால் ஆயுதத்தைப் பிடுங்குவதைச் சொல்கிறது விதி. நம் இயக்கமும் அதே வரிசையில் கேட்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. எனக்கும் ஒரு ரிவால்வர் கொடு என்று கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கலாம். அவர் காஸ்டிலைப் போல் தனியாக நிற்பார். அவன் துப்பாக்கியை வாங்கு என்று கேட்டால் சேரி முழுக்கச் சேர்ந்து கேட்கலாம். போகலூசாக்காரர்கள் துப்பாக்கியோடு செய்ததை நாம் மனுவோடு செய்யலாம் என்று சொல்வதாகச் சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

விதி 17-இன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். அந்தக் கூட்டத்தில் விதி 3 பேசப்பட்டதா, நம் மாவட்டத்தில் எந்தப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன, எத்தனை உரிமங்கள் ரத்தாயின, நம்மவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை மறுக்கப்பட்டன, மறுப்புக்கு என்ன காரணம் எழுதினார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு தயாரித்திருக்கிறோம். பிரதிகள் வாசலில் புத்தக மேசையில் இருக்கின்றன. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டவேண்டும். உங்கள் மாவட்டத்தின் பெயரை எழுத மேலே இடம் விட்டிருக்கிறோம்.