மணலும் கல்தூளும்

ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருக்கும் மொழியரங்கில் பாறை நொறுக்கும் ஆலையைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு பொருளின் பெயர் மாறினால் தூணின் வலுவே குன்றக்கூடிய துறை இது.

சிங்கப்பூரில் கல் இருந்தது, மணல்தான் போதவில்லை. 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கான கருங்கல் நம் புலாவ் உபின் தீவில் வெட்டப்பட்டது. மணலுக்கோ அண்டை நாடுகளை நம்பினோம். 2007இன் தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அரசு தன் சேமிப்பிலிருந்து மணலை வழங்க நேர்ந்தது. ஆற்றையும் கடலையும் நாடாமல் பாறையிலிருந்தே மணல் ஆக்கும் வழி அத்தகைய நெருக்கடிகளில்தான் கவனம் பெறுகிறது.

அவ்வாலையில் முதலில் நிற்பது தாடை நொறுக்கி. அசையாத் தகட்டுக்கும் அசையும் தகட்டுக்கும் இடையே விழும் பாறை, பல்லிடைக் கரும்பாய் நசுங்கிக் கையளவுக் கல்லாகிறது. அதனைக் கூம்பு நொறுக்கி ஜல்லியாக்குகிறது. இவ்விரண்டும் அழுத்தி உடைப்பவை. அவ்வாறு உடைந்த துகள்களில் தட்டையானவையும் ஊசி போன்றவையும் மிகுதி. மணல் பிறப்பது மூன்றாம் பொறியில். விரைந்து சுழலும் உருளை கல்லை வெளிநோக்கி வீச, அது சுற்றிலும் படிந்துள்ள கற்களின்மீது மோதுகிறது. கல்லைக் கல்லே உடைக்கிறது! முனைகள் மழுங்கித் துகள் மணிபோலத் திரள்கிறது. பின்னர்ச் சலிப்பர், 4.75 மில்லிமீட்டரைவிடப் பெரியவை மீண்டும் பொறிக்குச் செல்லும். மிகுதியான தூளை நீராலோ காற்றாலோ நீக்குவர்.

ஜல்லி உடைக்கும்போது அடியில் உதிர்வது வேறு. தமிழகத்துத் தொழிலாளர் அதனைக் 'கிரஷர் பவுடர்' என்பர். அதில் வடிவ ஒழுங்கும் இல்லை, அளவு ஒழுங்கும் இல்லை. நுண்தூளின் மேற்பரப்பு பெரிதாதலால் கலவை மிகுந்த நீரைக் கேட்கும்; நீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். விலை குறைந்த இத்தூளை மணலென விற்பதற்கு வாய்ப்பளிப்பது நம் பெயர்க் குழப்பமே.

'எம் சாண்ட்' என்போரில் பலர் அந்த 'எம்' எதனைக் குறிக்கிறதென அறியார். 'செயற்கை மணல்' என்றாலோ போலி மணல் என்ற எண்ணம் எழுகிறது. மூலப்பொருளோ மலையின் கருங்கல்! ஆதலால் வடிவமும் அளவும் தேர்ந்து ஆக்கியதை 'ஆலைமணல்' என்றும், உதிர்ந்த கழிவைக் 'கல்தூள்' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது எம் கருத்து. நீளமான கலைச்சொற்கள் பாடநூலோடு நின்றுவிடும். கட்டுமானத் தளத்தில் செல்லுபடியாகா.

வகுப்பறையிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டலாம். இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஆலைமணலையும் கல்தூளையும் தனித்தனியே இட்டு, நீரூற்றிக் குலுக்கிச் சில மணிநேரம் அசையாமல் வையுங்கள். மணல் விரைந்து அடியில் தங்கும். கல்தூள்க் குடுவையிலோ நீர் நெடுநேரம் கலங்கியிருந்து, மேலே தடித்த சேற்றுப் படலம் படியும். அப்படலத்தை மாணவர்களே அளவுகோலால் அளக்கட்டும்.