பி53: புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவும் பக்கவாதமும்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

போன மாத ரத்த அழுத்த முகாமில் ஒருவர் கேட்டார்: "புண் ஆறுது, ஒடிஞ்ச எலும்பு கூடுது. பக்கவாதத்துல போன மூளை மட்டும் ஏன் சார் திரும்ப வர்றதில்லை?" அன்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது போதாது.

நம் செல்களில் பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது. 1979-ல் கண்டுபிடித்தபோது அது புற்றுநோயை வளர்ப்பது என்றே நினைத்தார்கள். தடுப்பது என்று புரியப் பத்து வருடம் ஆனது! மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

செல்லின் டிஎன்ஏ சேதமானால் பி53 பெருகும். செல் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் கொடுக்கும். பழுது தீராது என்றால் அந்தச் செல்லையே சாகவைக்கும். தோலில் இது நல்லது. ஒரு செல் போனால் பக்கத்துச் செல் பிரிந்து இடத்தை நிரப்பிவிடும். வளர்ந்தவர்களின் நரம்பு செல் அப்படிப் பிரியாது. போனது போனதுதான்.

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைத்ததும், அடைப்பின் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. சுற்றியுள்ள பகுதி சில மணி நேரம் உயிரோடு தத்தளிக்கும். அங்கேதான் பி53 வேலையைத் தொடங்குகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய செல்களும் சாகின்றன. 1994-ல் இந்த மரபணுவைக் குறைத்த எலிகளில் சோதித்தபோது, மூளையில் செத்த பகுதி சிறிதாக இருந்தது.

அப்படியானால் பி53-ஐ மருந்து கொடுத்து அடக்கலாமே? எலிகளில் செய்து பார்த்தார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் உடம்பின் காவலை நிறுத்தினால் புற்றுநோய்க்கு வழிவிட்டதாகிவிடுமே என்ற பயம் இருக்கிறது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

அதனால் இன்றைக்கு நம் கையில் இருப்பது நேரம்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" வேண்டாம். ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள், ஸ்கேன் எடுக்காமல் அது அடைப்பா, ரத்தக்கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஒன்று செயலாளரிடம். ஸ்ட்ரெச்சர் நுழையும் பெரிய லிஃப்டின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்களேன்.