கணக்கோடு போங்கள், கடனோடு போகாதீர்கள்

(பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் வேலை தேடுவது குறித்து நம் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். காரைக்குடிச் சீமைக்கு இது புதிய செய்தியன்று. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்பவை நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த பெயர்கள். இன்று துபாய், தோகா, குவைத், ரியாத் என்று ஊர்ப்பெயர் மாறியிருக்கிறது. ஆனால் போகும் முறையில் பழையவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

இந்தப் பக்கத்திலிருந்து கடல் கடந்தவர்கள் இரண்டு வகையினர். முதல் வகையினர் நகரத்தார் வட்டிக்கடைகளுக்குப் போனவர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வார்கள். மூன்று ஆண்டுக் கணக்குப் பேசித்தான் கப்பல் ஏறுவார்கள். சம்பளம் இவ்வளவு என்பது புறப்படுமுன்பே முடிவாகிவிடும். அதில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும். அங்கே போய் இறங்கினால் தங்குவதற்குக் கிட்டங்கி இருந்தது. தெரிந்த முகங்கள் இருந்தன.

இரண்டாம் வகையினர் கங்காணியின் பின்னால் போன ஏழை மக்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி வட்டாரங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். வழிச்செலவும் சாப்பாடும் அவர்கள் பேரில் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்வார்கள். கடன் மட்டும் தீராது. 1921இல்தான் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

அன்பர்களே, துண்டு ஒழிந்தது. கடனோடு போகும் வழக்கம் ஒழிந்ததா? ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலத்தை ஒத்திக்கு விடுகிறோம். தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறோம். பிள்ளை போய் இறங்கியதும் சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு என்று தெரிகிறது. "வேண்டாம்" என்று சொல்லித் திரும்ப அவனால் முடிகிறதா? ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறதே! கடன்பட்டவனுக்கு மறுத்துப் பேசும் வாய் இல்லை. இதுவே பெரிய ஆபத்து.

நம் முன்னோர் பிழைக்கப் போன பர்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதன் பெயர் மியன்மார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் சிலர், எல்லைக்கு அப்பால் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, மோசடி வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். படித்தவனும் ஏமாறுகிறான் என்பதற்கு இது சான்று.

ஆகவே, போகிறவர்கள் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஏஜெண்டு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. ரசீது கேளுங்கள்; தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் உண்டு.

இரண்டாவது, ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் யாவும் அதில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று எண்ணிக் குறுக்குவழி தேடாதீர்கள். அந்த அனுமதியோடு வரும் காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 இலட்சம் கிடைக்கும்.

நான்காவது, பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகம் எங்கே, நம்மவர் கூடும் இடம் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். துபாய் மரியன்னை ஆலயத்தில் தமிழில் திருப்பலி நடக்கிறது. பழைய கிட்டங்கியைப் போல, கஷ்டம் வந்தால் சொல்லி அழவும் வழி கேட்கவும் இப்படி ஓரிடம் வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாதியில் திரும்பி வந்த பிள்ளையை "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று கேலி பேசாதீர்கள். இந்தக் கேலிக்கு அஞ்சியே எத்தனையோ பிள்ளைகள் சம்பளமில்லாத இடத்திலும் வாய்மூடிக் கிடக்கிறார்கள். "முடியாவிட்டால் வந்துவிடு, அப்பா, கஞ்சியானாலும் சேர்ந்து குடிப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல், ஏஜெண்டு தரும் எந்த உறுதியையும்விட மேலான துணையாகும்.

வெளியே போங்கள், உழையுங்கள், நலமே திரும்புங்கள். ஆனால் கணக்கோடு போங்கள், கடனோடு போகாதீர்கள் என்று கூறி விடைபெறுகிறேன்.