இடைவெளியைக் கடக்கும் மின்சாரம்

தென் கொரியாவின் கூமி நகரில் 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு மின்சார பஸ் வண்டிகள் சேவைக்கு விடப்பட்டன. போக்கும் வரவுமாக 24 கிலோமீற்றர் கொண்ட பாதையில் அவை ஓடின. மின்னேற்றுவதற்கெனக் கம்பியைக் கொணர்ந்து மாட்டுவார் எவருமிலர். தெருவினடியிற் புதைத்த கம்பிச் சுருள்களிலிருந்து, 17 சதமமீற்றர் காற்றிடைவெளியைத் தாண்டி, 100 கிலோவாற்று வலு அவ்வண்டிகளுட் புகுந்தது.

கேட்போர்க்கு இது மாயம்போலத் தோன்றலாம். ஆயினும் இதன் அடிப்படை பழையது. 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி இரும்பு வளையமொன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றதனோடு இணைந்த காந்தவூசி துள்ளியது. ஓட்டம் சீராக நின்றபோது ஊசியும் ஓய்ந்தது. மாற்றம் நிகழும்போதே மறுசுருளில் மின் பிறக்கிறது என்னும் உண்மை அன்று புலனாயிற்று.

பரடேயின் சுருள்களை இரும்பு இணைத்தது. வண்டிக்கும் தெருவுக்கும் இடையே இருப்பதோ காற்று. காந்தப்புலத்தின் பெரும்பகுதி மறுசுருளை எட்டாமலே திரும்பிவிடுகிறது. இக்குறையை ஈடுசெய்யும் வழிகளுள் முதலாவது, மாற்றத்தின் வேகத்தைப் பெருக்குதல். வீட்டு மின்சாரம் ஒரு செக்கனில் 50 அல்லது 60 முறை ஊசலாடுகிறது. கூமியிலோ 20,000 முறை. மோட்டார்க் கார்களுக்கென 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான நியமம் ஏறத்தாழ 85,000 முறை என வகுத்தது. இம்மாற்றத்தைச் செய்யும் கருவியே வலு மாற்றி எனப்படுவது.

வலு மாற்றி முதலில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகிறது. பின்னர் குறைகடத்தியாலான ஆளிகள், பெரும்பாலும் நான்கு, இருவர் இருவராக முறைவைத்துத் திறந்து மூடி, அந்நேரோட்டத்தை விரைந்து திசைமாறும் ஓட்டமாக்கிச் சுருளுக்கு அனுப்புகின்றன. வண்டியினுள்ளே அது மீண்டும் நேரோட்டமாகிச் சேமிப்புக்கலத்தைச் சேர்கிறது.

இங்கேதான் பொறியியலாளரின் இடர்ப்பாடு தொடங்குகிறது. ஆளி ஒவ்வொருமுறை திறந்து மூடும்போதும் சிறிது வெப்பம் பிறக்கும். ஒருமுறைக்கு அது அற்பம். செக்கனுக்குப் பல்லாயிரம் முறையெனின் அற்பமன்று. 100 கிலோவாற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு வீணானால் ஒரு கிலோவாற்று. துணி தேய்க்கும் மின்னழுத்தியின் வெப்பம் ஒரு சிறு பெட்டிக்குள் இடையறாது எரிவதற்கு அது ஒப்பாகும்.

இதற்கான பரிகாரம் காலமறிந்து செய்தலாகும். இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்ட வேளையில் மதகைத் திறந்தால் நீர் சீறிப்பாய்ந்து கரையை அரிக்கும். மட்டம் சமமான வேளையில் திறந்தால் சலசலப்பும் எழாது. அவ்வாறே ஆளியின் இருமுனைகளுக்கிடையே மின்னழுத்தம் பூச்சியமாகும் கணத்தில் அதனை மூடினால் வெப்பம் மிகக் குறைகிறது. விரைந்து தொழிற்படும் சிலிக்கன் காபைட்டு ஆளிகளும் இதற்குத் துணைநிற்கின்றன.

இரண்டாவது வழி பரிவு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையே போதும். சுருளோடு தக்க ஒடுக்கியை இணைத்தால் மின்னும் அவ்வாறே இசைந்தாடும். ஆனால் வண்டி சற்று விலகி நின்றால் அவ்விசைவு குலையும். சுருளையும் ஒடுக்கியையும் தொடராக இணைத்த எளிய அமைப்பில், வண்டி முற்றாக அகன்றால் தெருச்சுருளில் ஓட்டம் குறையாது. மாறாக, தடுப்பாரின்றிப் பெருகி ஆளிகளை எரித்துவிடவுங் கூடும். ஆதலின் ஓட்டத்தை எந்நேரமும் அளந்து காக்கும் ஏற்பாடும், மேலதிகச் சுருளும் ஒடுக்கிகளும் சேர்ந்த அமைப்புகளும் வேண்டப்படுகின்றன. இடைவெளியில் நாணயமொன்று கிடந்தாலும் அது சூடேறும். அதனைக் கண்டறிந்து வலுவை நிறுத்தும் காவலும் இன்றியமையாதது.

கூமியில் எய்திய உச்ச வினைத்திறன் நூற்றுக்கு 85. அதாவது 100 கிலோவாற்றுப் பெறச் சுமார் 118 கிலோவாற்றுச் செலுத்தவேண்டும்; எஞ்சிய 18 வெப்பமாய்ப் போகும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம், சிலிக்கன் காபைட்டு ஆளிகளைக் கொண்டு, ஆறு அங்குல இடைவெளியில் 120 கிலோவாற்றை நூற்றுக்கு 97 வினைத்திறனுடன் செலுத்திக் காட்டியது. 2024இல் அங்கேயே ஒரு காருக்கு 270 கிலோவாற்று, நூற்றுக்கு 95 வினைத்திறனுடன் செலுத்தப்பட்டது.

கம்பி மாட்டும் வழி இன்றும் எளிதாகவே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் சுமந்துவந்து, கயிறின்றி இறைத்தோமெனப் பெருமை பேசுவதிற் பயனில்லை. இடைவெளியைத் தாண்டுவது பரடேயின் காலத்திலேயே கைவந்த வித்தை. வழியிற் சிந்தாமற் கொண்டு சேர்ப்பதே வலு மாற்றியை வகுப்போர் ஏற்றுள்ள பணி. அப்பணியின் வெற்றியை அந்தப் பெட்டியின் சூட்டைத் தொட்டே அறிந்துகொள்ளலாம்.